ஸ்பேம் போல்டரில் கிடந்த நம் நோட்டீஸ்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காகவும் வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்காகவும் இங்கே தருகிறோம்.)

செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்தது லாரித் தண்ணீர் கணக்கு. பாதிப் பேர் அதற்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் ஆரம்பிக்கிறேன்.

சென்ற ஜெனரல் பாடி கூட்டத்துக்கு முன்னால் சங்கம் எல்லா உரிமையாளர்களுக்கும் மெயிலில் நோட்டீஸ் அனுப்பியது. சம்ப் ரிப்பேருக்கும் லிஃப்ட் வேலைக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று சிறப்பு வசூல் செய்யலாமா என்ற தீர்மானம் அதில் இருந்தது. கூட்டம் நடந்தது, தீர்மானம் நிறைவேறியது, வசூல் விவரம் வாட்ஸ்அப்பில் வந்தது. அப்போதுதான் சிலர், "எங்களுக்கு நோட்டீஸே வரவில்லையே, எங்களைக் கேட்காமல் எப்படி முடிவெடுத்தீர்கள்?" என்று கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். தேடிப் பார்த்தால் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு லாட்டரி மெயிலுக்கும் ஒரு மனை விளம்பரத்துக்கும் நடுவில், ஸ்பேம் போல்டரில் கிடந்திருக்கிறது. ஜிமெயிலில் அந்த போல்டரில் 30 நாள் கிடந்தால் தானாகவே அழிந்துவிடும். சிலருக்கு அதுவும் ஆகிவிட்டது.

இருபது வருடத்துக்கு மேல் மெயில் சர்வர் பராமரிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால், இது ஏன் நடந்தது என்று விளக்கச் சொன்னார்கள். ஏன் என்பதற்குப் பதில் பாதி கம்ப்யூட்டரில் இருக்கிறது, பாதி நம் கைவிரலில் இருக்கிறது. நமக்குப் பிடிக்காத மெயில் எல்லாவற்றையும் நாம் "ஸ்பேம்" என்கிறோம். பிடிக்காதது வேறு, ஸ்பேம் வேறு, மோசடி வேறு. மூன்றுக்கும் ஒரே பட்டனை அழுத்துவதால்தான் இந்தச் சிக்கல்.

முதலில் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கதை சுவாரசியமானது என்பதற்காக மட்டும் இல்லை, அந்தக் கதைக்குள்ளேயே அர்த்தம் இருக்கிறது.

ஸ்பேம் என்பது டின்னில் அடைத்த பன்றி இறைச்சி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் ஹார்மெல் என்ற நிறுவனம் 1937-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் வைக்கப் போட்டி நடத்தி, ஜெயித்தவருக்கு 100 டாலர் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும், கெட்டுப்போகாத இறைச்சி என்பதால் கப்பல் கப்பலாகப் போர்முனைக்கும் பிரிட்டனுக்கும் போனது. பிரிட்டனில் இறைச்சி ரேஷன் 1954 வரை இருந்தது. அதனால் ஒரு தலைமுறை முழுக்க வேறு வழியில்லாமல் அதைத் தின்று அலுத்துப்போனது.

அந்த அலுப்பை வைத்து மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழு பிபிசி தொலைக்காட்சியில் ஒரு நாடகம் போட்டது. ஒளிபரப்பான நாள் 1970 டிசம்பர் 15. ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கணவனும் மனைவியும் வருகிறார்கள். எந்தப் பண்டத்தைக் கேட்டாலும் அதில் ஸ்பேம் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு ஸ்பேம் பிடிக்காது. கடையில் உட்கார்ந்திருக்கும் வைக்கிங் கூட்டம் ஒன்று "ஸ்பேம், ஸ்பேம்" என்று உரக்கப் பாட ஆரம்பித்து, மற்றவர்கள் பேசுவதே கேட்காமல் அடித்துவிடுகிறது.

இதை நம் ஊருக்கு மாற்றிப் பாருங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டிபன் கடை. என்ன இருக்கிறது என்று கேட்டால், ரவா உப்புமா, சேமியா உப்புமா, அரிசி உப்புமா, இட்லி உப்புமா என்று சர்வர் அடுக்குகிறார். உப்புமா இல்லாமல் ஒரு காபி கிடைக்குமா என்று நீங்கள் கேட்க, பக்கத்து டேபிளில் பத்துப் பேர் உப்புமா உப்புமா என்று கோஷம் போடுகிறார்கள். (உப்புமா பிடித்தவர்கள் மன்னிக்கவும். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்.)

இதில் உப்புமா நல்லதா கெட்டதா என்பது பிரச்சினையே இல்லை. நாம் கேட்கவில்லை, ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறது, நமக்கு வேண்டியது அதற்குள் அமுங்கிப்போகிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களில் கணினி வழியே பலர் சேர்ந்து விளையாடும் எழுத்து விளையாட்டுகளிலும் அரட்டை அறைகளிலும், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப அடித்து மற்றவர்கள் பேச்சைத் திரையிலிருந்து தள்ளிவிடும் குறும்புக்காரர்கள் இருந்தார்கள். நாடகத்தைப் பார்த்திருந்தவர்கள் அதற்கு ஸ்பேம் என்று பெயர் வைத்தார்கள். 1993-இல் யூஸ்நெட் என்ற பழைய விவாத வலையமைப்பில் ஒருவருடைய நிரல் பிசகி, ஒரே குழுவில் சுமார் 200 செய்திகளைக் கொட்டியது. அதையும் அந்தப் பெயரில் அழைத்தார்கள். 1994 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் தம்பதி, கேன்ட்டர், சீகல் என்று பெயர், 5,000-க்கும் மேற்பட்ட யூஸ்நெட் குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். அது தற்செயல் இல்லை, வியாபாரம். அதன் பிறகு பெயர் நிலைத்துவிட்டது.

என்ன விளம்பரம் தெரியுமா? கிரீன் கார்டு லாட்டரி. நம் பிளாக்கில் பாதி வீடுகளில் பிள்ளைகள் அந்த கார்டுக்குத்தான் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த லாட்டரியில் இடம் கிடையாது. ஆனாலும் இன்றைக்கும் "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று நம் அப்பா அம்மாக்களுக்கு மெயில் வருகிறது. அந்த வழக்கறிஞர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்டர்நெட்டில் எப்படிப் பணம் பண்ணுவது என்று புத்தகமே எழுதினார்கள். கணவருடைய வழக்கறிஞர் உரிமத்தை டென்னசி மாநிலம் 1997-இல் ரத்து செய்தது. இந்த விளம்பர வேலையும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் செயல், பெயருக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. 1978 மே 3. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட் அமெரிக்க அரசுப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த காலம். டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், புதிய கணினியைக் காட்டப்போகிறோம், வாருங்கள் என்று அமெரிக்க மேற்குக் கரையில் சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். முகவரிகள் அச்சடித்த டைரக்டரியிலிருந்து எடுத்தவை. முகவரிகளை வரிசையாக அடித்துக்கொண்டே போனதில், பெறுநர் பகுதியில் இடம் போதாமல் மீதி முகவரிகள் கடிதத்தின் உடம்புக்குள் வழிந்துவிட்டன. அதாவது உலகத்தின் முதல் ஸ்பேம் மெயில், விஷயத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாக மற்றவர்களின் முகவரியாக வந்து இறங்கியது.

சிரிக்காதீர்கள். நம் சங்கத்து மெயிலும் அப்படித்தான் போகிறது. 180 முகவரியும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

அரசு வேலைக்கான வலையமைப்பில் விளம்பரமா என்று அதிகாரிகள் கண்டித்தார்கள். துர்க் பின்னாளில் என்ன சொன்னார் என்றால், அந்த ஒரு மெயிலால் ஒரு கோடி டாலருக்கும் அதிகமாக வியாபாரம் நடந்ததாம். இந்தப் பதில்தான் நம் தலைவலிக்கு வேர்.

வியாபாரக் கணக்கைப் பாருங்கள். காலையில் பேப்பரைப் பிரித்தால் டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒன்று விழுகிறது. அதை அச்சடிக்கக் காசு, பேப்பர் போடும் பையனிடம் சொருகச் சொல்லக் காசு. அதனால் அவர்கள் சேலையூர், செம்பாக்கம் என்று பக்கத்துப் பகுதிகளோடு நிறுத்திக்கொள்வார்கள், திண்டிவனத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பழைய அஞ்சலட்டை நினைவிருக்கிறதா? "இதைப் படித்ததும் 21 பேருக்கு எழுதுங்கள், எழுதாவிட்டால் கெடுதல் வரும்" என்று சாமி பெயரில் வரும். அதற்கும் எழுதுபவர் கையிலிருந்து காசு போட்டு, கை வலிக்க எழுத வேண்டும். மெயிலில் பத்துப் பேருக்கு அனுப்புவதும் பத்து லட்சம் பேருக்கு அனுப்புவதும் அனுப்புபவருக்கு ஏறக்குறைய ஒரே செலவு. இடம், நேரம், பார்த்து அழிக்கும் வேலை எல்லாம் வாங்குபவர் தலையில். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் இதை அளந்து பார்த்தார்கள். ஒரு ஸ்பேம் வலையமைப்புக்குள் நுழைந்து, சுமார் 35 கோடி மருந்து விளம்பர மெயில்கள் என்ன ஆயின என்று பின்தொடர்ந்தார்கள். வாங்க முயன்றவர்கள் 28 பேர். முப்பத்தைந்து கோடிக்கு இருபத்தெட்டு! ஆனாலும் அந்த வியாபாரம் நின்றுவிடவில்லை.

சரி, எது ஸ்பேம்? உலகம் முழுக்க ஸ்பேம் அனுப்புபவர்களைக் கண்காணிக்கும் ஸ்பேம்ஹாஸ் என்ற அமைப்பு இரண்டு சோதனை வைத்திருக்கிறது. கேட்காமல் வந்ததா? மொத்தமாக அனுப்பியதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் ஸ்பேம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது கணக்கில் வராது.

உங்கள் பழைய காலேஜ் நண்பர் திடீரென்று, "என் பையனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடு" என்று எழுதுகிறார். நீங்கள் கேட்கவில்லைதான், ஆனால் உங்களுக்கு மட்டும் எழுதியது. ஸ்பேம் இல்லை. நீங்கள் ஒரு துணிக்கடையில் பில் போடும்போது ஆஃபர் மெயில் அனுப்பலாம் என்று டிக் அடித்துவிட்டு வந்தீர்கள், வாரத்துக்கு மூன்று மெயில் வருகிறது. லட்சம் பேருக்குப் போகிறதுதான், ஆனால் நீங்கள் சரி என்று சொன்னது. அதுவும் ஸ்பேம் இல்லை, தொல்லை. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மெயிலின் அடியில் அன்சப்ஸ்க்ரைப் இருக்கும். மறுபக்கம், ஒரு கோயில் கும்பாபிஷேக அழைப்பு. நல்ல விஷயம், புண்ணியம். ஆனால் எங்கிருந்தோ பட்டியல் வாங்கி ஐம்பதாயிரம் பேருக்குக் கேட்காமல் அனுப்பினால் அது ஸ்பேம்தான். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து "நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் மனை" என்று எத்தனை வந்திருக்கும்! ஒருவேளை மனை நிஜமாகவே நல்ல மனையாக இருக்கலாம். கேட்டோமா என்பதுதான் கேள்வி.

ஹார்மெல் நிறுவனம் இந்தப் பெயருக்கு என்ன சொல்கிறது என்று யாராவது கேட்பீர்கள். எங்கள் டின்னைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், குப்பை மெயிலைச் சின்ன எழுத்தில் எழுதுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்பது அவர்கள் நிலை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது என்பதால் அந்தக் கவலை நமக்கு இல்லை. தமிழில் சிலர் எரிதம் என்கிறார்கள், சிலர் குப்பை அஞ்சல் என்கிறார்கள். எனக்குக் கேட்டால் "அழையா அஞ்சல்" என்பதே பொருத்தம். அழையா விருந்தாளி என்றால் எல்லோருக்கும் சட்டென்று புரியும். குப்பை என்று சொன்னால் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதாகிவிடுகிறது.

இனி மூன்றாவது வகை, மோசடி. இதை ஸ்பேம் என்று சொல்லி அழித்துவிட்டுப் போவது ஆபத்து. 2022 வாக்கில் தமிழ்நாடு முழுக்க ஒரு குறுஞ்செய்தி சுற்றியது: சென்ற மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பைத் துண்டிக்கப்போகிறோம், இந்த எண்ணில் மின் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று. கூப்பிட்டால் மரியாதையாகப் பேசுவார்கள். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். பத்து ரூபாய் கட்டிப் பாருங்கள் என்பார்கள். அந்தச் செயலி வழியாக உங்கள் திரை அவர்களுக்குத் தெரியும், பிறகு கணக்கே காலி. மின்வாரியமும் காவல்துறையும் எச்சரிக்கை வெளியிட்டார்கள். நான் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வது ஒன்றுதான். நமக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. "சென்ற மாத பில்" என்று சொன்னாலே அவன் நம் ஊர் ஈபி ஆள் இல்லை, வடக்கே எங்கோ எழுதிய வாசகத்தை இங்கே அனுப்பியிருக்கிறான். அட்டையில் எழுதுகிற ஈபிக்காரருக்கு இது தெரியும், மோசடிக்காரனுக்குத் தெரியவில்லை.

மெயிலிலும் இதே வேலைதான், அதற்கு ஃபிஷிங் என்று பெயர், தூண்டில். இந்தியாவில் இதற்கு நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது 2005-இல். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் தொடர்ந்த வழக்கு. வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஒரு கூட்டம், நாஸ்காம் பெயரிலேயே மெயில் அனுப்பி மக்களின் தனிப்பட்ட விவரங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தது. தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் இது சட்டவிரோதம் என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 16 லட்சம் ரூபாய் நஷ்டஈடுக்குச் சமரசம் ஆனது.

தனிச் சட்டம் என்றேன். அமெரிக்காவில் 2003-இல் ஸ்பேமுக்கென்றே சட்டம் போட்டார்கள். நம்மிடம் மெயில் ஸ்பேமுக்கு இன்றுவரை அப்படி ஒன்று இல்லை. மிக அருகில் வந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, 2009 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அனுப்புநர் யார் என்று ஏமாற்றியோ, தொல்லை கொடுக்கும் நோக்கத்திலோ மெயில் அனுப்பினால் குற்றம் என்று அதில் ஓர் உட்பிரிவு இருந்தது. படித்தால் ஸ்பேமுக்காகவே எழுதியது போல இருக்கும். ஆனால் அந்தப் பிரிவில் கைதானவர்கள் யார்? 2012-இல் புதுச்சேரியில் ட்விட்டரில் ஓர் அரசியல் பிரமுகரின் மகனைப் பற்றி எழுதிய வியாபாரி. அதே வருடம் மும்பை அருகே ஃபேஸ்புக்கில் கருத்துப் போட்ட ஒரு பெண்ணும், அதற்கு லைக் போட்ட இன்னொரு பெண்ணும். "தொல்லை" என்ற வார்த்தைக்கு எல்லை இல்லை என்றால் இப்படித்தான் ஆகும். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. அதோடு சேர்ந்து அந்த மெயில் உட்பிரிவும் போனது.

போன் விஷயத்தில் நிலைமை தேவலை. டிராய் விதிகள் உண்டு. விளம்பரக் குறுஞ்செய்தி, கால் பற்றி 1909-க்குப் புகார் செய்யலாம். 2025 திருத்தத்துக்குப் பிறகு, புகார் செய்ய 3 நாள் என்றிருந்ததை 7 நாளாக நீட்டினார்கள். குறுஞ்செய்தி அனுப்புநர் பெயரின் கடைசியில் இப்போது ஓர் ஆங்கில எழுத்து இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பரிவர்த்தனை, ஜி அரசு. அந்த எழுத்தே இல்லாமல் பத்து இலக்க செல் எண்ணிலிருந்து "பேங்க்" செய்தி வந்தால் சந்தேகப்படுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் 1930. மகன் ஆபீசிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, நம் நோட்டீஸ் ஏன் ஸ்பேம் போல்டருக்குப் போனது?

மெயில் சேவைகள் ஸ்பேமைப் பிரிக்கும் முறையில் 2002 ஒரு திருப்பம். பால் கிரஹாம் என்ற நிரலாளர், ஸ்பேம் வார்த்தைகளைப் பட்டியல் போட்டு நாமே தடுப்பதை விட, கம்ப்யூட்டரையே கற்றுக்கொள்ளச் சொல்வோம் என்று எழுதினார். இது வேண்டிய மெயில், இது வேண்டாத மெயில் என்று மனிதர்கள் பிரித்துக் காட்டினால், எந்த வார்த்தை எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதிவைத்த நிகழ்தகவுக் கணக்குதான் அடிப்படை. அவர் இறந்த பிறகு 1763-இல் வெளியான கட்டுரை. இன்றைய வடிகட்டிகள் இன்னும் எவ்வளவோ பார்க்கின்றன. ஆனாலும் மனிதர்கள் பிரித்துக் காட்டுவது இப்போதும் ஒரு முக்கியமான சாட்சியம். நீங்கள் "ஸ்பேம் எனப் புகாரளி" அழுத்தும்போது உங்கள் பெட்டியை மட்டும் சுத்தம் செய்வதில்லை. அந்த அனுப்புநருக்கு எதிராக ஓட்டுப் போடுகிறீர்கள்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்கின. புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது அதில் ஒன்று. ஆயிரத்துக்கு மூன்று. நம் சங்கம் அனுப்புவது 180 மெயில். ஒரே ஒருவர் அந்தப் பட்டனை அழுத்தினால் சுமார் 0.56 சதவீதம். முழு விதிகளும் நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிற பெரிய நிறுவனங்களுக்குத்தான். நம்மை அதே தராசில் நிறுத்துவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சின்னப் பட்டியலில் ஒருவருடைய விரலுக்கு எவ்வளவு எடை என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. தீபாவளி வாழ்த்து, யோகா வகுப்பு, தொலைந்துபோன பூனை என்று எல்லாம் ஒரே முகவரியிலிருந்து வந்தால், அலுத்துப்போய் யாரோ நான்கு பேர் அழுத்தத்தான் செய்வார்கள். அழுத்தியவர்களை நான் குறை சொல்லவில்லை. எதற்குச் சம்மதம் என்று நாம் அவர்களைக் கேட்கவே இல்லையே.

அதனால் குழுவிடம் நான் கேட்டுக்கொண்டது இது. நோட்டீஸ், கணக்கு, தீர்மானம் ஆகியவை ஒரு முகவரியிலிருந்து, சங்கத்தின் நிரந்தர முகவரியாக வரட்டும். குழு மாறும்போதெல்லாம் பொருளாளருடைய சொந்த ஜிமெயிலுக்கு மாறக்கூடாது. இந்தப் பத்திரிகையும் வாழ்த்துகளும் வகுப்பு விளம்பரமும் தனி முகவரி, அதற்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும், ஒரே அழுத்தில் நிறுத்தும் வசதியோடு. முகவரிகளைப் பெறுநர் இடத்தில் போடாமல் மறைநகலில் போட வேண்டும். 180 பேரில் ஒருவர் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலும் மற்ற 179 முகவரியும் வெளியே போகாது. ஜெனரல் பாடி நோட்டீஸ் மட்டும் மெயிலோடு நிற்காமல் லிஃப்ட் பக்கத்து போர்டிலும் ஒட்டட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனி, நம் குடியிருப்போர் பட்டியலைக் கொடுத்தால் குழந்தைகள் பூங்காவுக்கு ஊஞ்சல் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஊஞ்சல் நல்லதுதான். ஆனால் சங்கத்துக்கு நீங்கள் எண்ணும் முகவரியும் கொடுத்தது மெயின்டனன்ஸ் விஷயத்துக்காக. அதை வேறொருவருக்குக் கொடுத்தால், நாளை வரும் அழையா அஞ்சலுக்கு நாமே வாசலைத் திறந்துவிட்டவர்கள் ஆவோம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எந்தக் காரியத்துக்குச் சம்மதம் வாங்கினோமோ அந்தக் காரியத்துக்கு மட்டும் என்றுதான் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் வருவதற்கு முன்பே இது மரியாதைதானே? செக்யூரிட்டி கேபினில் திறந்து கிடக்கும் விசிட்டர் நோட்டையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். அடுத்து வருகிற டெலிவரி பையன் அதற்கு முந்தைய இருபது பேரின் எண்ணைப் போட்டோ எடுக்க எத்தனை வினாடி ஆகும்?

அன்று எழுந்த கேள்விகள் சில:

"குடும்ப குரூப்பில் வரும் குட்மார்னிங் படங்கள் ஸ்பேமா?" என்று ஒரு மேடம் கேட்டார். அந்தக் குரூப்பில் நீங்களாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அதனால் இலக்கணப்படி ஸ்பேம் இல்லை. மைத்துனரை பிளாக் செய்ய டிராயையோ என்னையோ காரணம் காட்ட முடியாது. ஒலியை நிறுத்தி வையுங்கள்.

"அன்சப்ஸ்க்ரைப் அழுத்தினால் நம் முகவரி உயிரோடு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடாதா?" நல்ல கேள்வி. நீங்கள் சேர்ந்ததாக நினைவிருக்கும் கடை, பத்திரிகை, பேங்க் என்றால் தாராளமாக அழுத்தலாம். யாரென்றே தெரியாத அனுப்புநர் என்றால் எந்த லிங்கையும் தொடாதீர்கள், பதிலும் போடாதீர்கள், ஸ்பேம் பட்டன் இருப்பதே அதற்குத்தான். படங்கள் தானாகத் திறக்காதபடி செட்டிங்கில் மாற்றிவிட்டால், நீங்கள் மெயிலைத் திறந்தீர்களா என்று படத்தை வைத்து வேவு பார்ப்பதும் நின்றுவிடும்.

"கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்கிறார்களே?" கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வாடிக்கையாளரின் எண்ணைக் கேட்டுக் கடைகள் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. மெயில் கேட்டால் ஒரு தந்திரம் உண்டு. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டு, கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கே வந்து சேரும். பிறகு சம்பந்தமில்லாத யாரோ அந்த முகவரிக்கு எழுதினால், பட்டியலை வெளியே விட்டது எந்தக் கடை என்று தெரிந்துவிடும்.

கடைசியாக சி பிளாக்கிலிருந்து ஒரு பெரியம்மா. மகள் அனுப்பும் பேரன் படங்கள் ஆறு மாதமாகக் குப்பையில் விழுகின்றன, என்ன செய்வது என்றார்கள். ஸ்பேம் போல்டரைத் திறந்து, அந்த மெயிலுக்கு மேலே இருக்கும் "ஸ்பேம் அல்ல" என்பதை அழுத்துங்கள் அம்மா, பிறகு மகளுடைய முகவரியைத் தொடர்புகளில் சேர்த்துவிடுங்கள். சங்கத்தின் முகவரியையும் எல்லோரும் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். 30 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதால் வாரம் ஒருமுறை அந்த போல்டரை எட்டிப் பாருங்கள். செய்யத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் போனை எடுத்துக்கொண்டு கிளப் ஹவுஸுக்கு வரலாம். நான் இருப்பேன்.